நாலாம் நம்பர் முத்திரை

சிலிண்டரைத் தொட்டிக்குள் அமிழ்த்தி, முழுதாக ஒரு சுற்றுத் திருப்பி மேலே எடுக்க அவளுக்குப் பதினெட்டு நொடி ஆகும். அந்தப் பதினெட்டு நொடியும் கண் இமைக்கக் கூடாது. உள்ளே காற்றை ஏற்றி வாயை அடைத்த சிலிண்டர், வெல்டில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். தண்ணீருக்கடியில் வெல்டு ஓரமாக ஒரு குமிழி கிளம்பும். கடுகில் பாதிகூட இருக்காது. தொட்டிக்கு மேலே தொங்கும் டியூப் லைட்டின் வெளிச்சத்தில் ஒரு கணம் மினுங்கும், மேலே வந்து உடையும். அதைக் கோட்டை விட்டால் அந்தச் சிலிண்டர் யார் வீட்டு அடுப்படிக்கோ போய்ச் சேரும்.

பதினொரு வருஷமாக அவள் கோட்டை விட்டதில்லை. தொழிற்சாலையில் அவளை எல்லோரும் ‘குமிழக்கா’ என்றார்கள், வயதில் மூத்தவர்கள்கூட. குமிழி கண்ட இடத்தில் சிவப்புச் சாக்பீஸால் ஒரு வட்டம் போடுவாள். வட்டம் விழுந்த சிலிண்டரை அவள் சொல்லாமல் ஒருவரும் நகர்த்த முடியாது. ஒருமுறை பழைய முதலாளியே, லாரி காத்திருக்கிறது என்று வேகமாக வந்தவர், வட்டத்தைப் பார்த்துவிட்டு வாயைத் திறக்காமல் திரும்பிப் போயிருக்கிறார்.

அந்த முதலாளி தொழிற்சாலையை ஒரு பெரிய கம்பெனிக்கு விற்ற நாலாவது மாதம், ஒரு திங்கட்கிழமை காலை, வருகை பதியும் கடிகாரத்துக்குப் பக்கத்தில் இருந்த பலகையில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தது. வெல்டிங், சோதனை, பெயின்ட் மூன்றும் இனிமேல் ஒரே லைன். மூன்று ஃபோர்மேன் பதவிகளும் கிடையாது. லைனுக்கு ஒரே ஒரு இன்சார்ஜ்.

இன்சார்ஜ் என்ற இடத்தில் அவள் பெயர் இருந்தது. வெல்டிங் ஆபரேட்டர்கள் என்ற பட்டியலின் கடைசியில், ஒன்பதாவதாக, அவள் கணவரின் பெயர் இருந்தது. பன்னிரண்டு வருஷம் வெல்டிங் பிரிவுக்கு ஃபோர்மேனாக இருந்தவர் அவர்.

கூட்டம் விலகி வழி விட்டது. பெயின்டர் மட்டும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாதவன். “குமிழக்கா, உனக்குக் கிரீடம், உன் வீட்டுக்காரருக்கு மறுபடியும் வெல்டிங் முகமூடி. ஒரே வீட்டுக்கு ரெண்டு தலைப்பாகை!” என்றான். யாரும் சிரிக்கவில்லை. அவனுக்கே முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

கணவர் அறிவிப்பைக் கடைசி வரி வரைக்கும் படித்தார். பிறகு திரும்பி அவள் கையைப் பார்த்தார்.

“கையெல்லாம் ஈரமா இருக்கு. துடைச்சிக்க. உன்னை உள்ள கூப்பிடுவாங்க” என்றார்.

அலுவலக அறையில், தலைமை அலுவலகத்திலிருந்து வந்திருந்த அதிகாரிக்கு அவளைவிடப் பத்து வயது குறைவு இருக்கும். உட்காரச் சொன்னார். தொழிற்சாலைக்குள் நாற்காலியில் உட்கார்ந்து அவளுக்குப் பழக்கமில்லை. விளிம்பில் தொற்றிக்கொண்டாள்.

“பதினொரு வருஷ ரெக்கார்டு பார்த்தோம்மா. ஒரு சிலிண்டர்கூட வெளியிலேர்ந்து திரும்பி வரலை. அதனாலதான் உங்களைப் போட்டிருக்கோம்.”

அவளுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அதை மறைக்க முயன்றும் முடியவில்லை.

“சம்பளம் எப்படி சார்?”

“இப்போதைக்குப் பழைய ஸ்கேல்தான். ஆறு மாசம் போகட்டும், பார்ப்போம்.”

“வெல்டிங் பக்கம் எனக்கு அவ்வளவாத் தெரியாதே சார்.”

அதிகாரி சிரித்தார். “அதுக்கென்னம்மா, வீட்லயே ஃபோர்மேன் இருக்காரே. சந்தேகம் வந்தா ராத்திரி சாப்பிடறப்பக் கேட்டுக்குங்க. கம்பெனிக்கும் லாபம், ஒண்ணு வாங்கினா ஒண்ணு இலவசம்!”

அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். கடிதத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது அவள் காது மடல் சூடாக இருந்தது. படியிறங்குவதற்குள் ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். இந்த வேலையைப் பற்றி வீட்டில் அவரிடம் ஒரு வார்த்தை கேட்கப்போவதில்லை.

அன்று மாலை மகள் பாடப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி, “அப்பா, இனிமே வீட்ல யாருப்பா ஃபோர்மேன்?” என்று கேட்டாள்.

“எப்பவும் யாரோ, அவங்களேதான்” என்றார் அவர்.

மூவரும் சிரித்தார்கள். சிரித்து முடித்த பிறகு அவர் பரணிலிருந்து பழைய வெல்டிங் மூடியை இறக்கினார். தூசி தட்டி, கறுப்புக் கண்ணாடியைத் துணியால் துடைத்தார். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் பார்க்காதது போல உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் எட்டு மணிக்கு வெல்டர்கள் ஒன்பது பேரும் வரிசையாக நின்றார்கள். கணவரையும் சேர்த்து ஏழு பேர் பழைய ஆட்கள். இரண்டு பேர் மூடப்பட்ட இன்னொரு தொழிற்சாலையிலிருந்து தங்கள் மெஷின்களோடு வந்தவர்கள். எல்லோருக்கும் மூத்த வெல்டர், பக்கத்தில் நின்றவனிடம், காதில் விழட்டும் என்றே சொன்னார். “தண்ணியில கை விட்டுக்கிட்டிருந்தவங்க வந்து நெருப்புல நமக்கு என்னத்தச் சொல்லப் போறாங்க?”

அவள் கேட்காதவள் போல மெஷின் எண்ணையும் ஆளையும் ஒவ்வொன்றாகப் படித்தாள். குரல் நடுங்காமல் பார்த்துக்கொண்டாள். எட்டாவது வரைக்கும் வந்துவிட்டாள். ஒன்பதாவதில் நின்றுவிட்டாள். வீட்டில் ‘ஏங்க’ என்று கூப்பிடுகிறவரை இங்கே என்னவென்று கூப்பிடுவது? பெயரைச் சொல்லவும் நாக்கு எழவில்லை. எட்டு பேரும் அவள் வாயையே பார்த்தார்கள்.

“ஒன்பதாவது மெஷின் நான்தான். சொல்லுங்க மேடம்” என்றார் அவர்.

கேலி இல்லை, குத்தல் இல்லை. டீக்கடையில் டீ சொல்கிற மாதிரி இயல்பாக இருந்தது அந்தக் குரல். பிறகு மூத்த வெல்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு, “சரிங்க மேடம், ஆரம்பிக்கலாமா?” என்றார்.

அவள் தாளைப் புரட்டுவது போலக் குனிந்துகொண்டாள். புரட்ட அதில் இரண்டாவது பக்கம் இல்லை.

மூன்று வாரத்தில் அவள் ஒரு நோட்டுப் புத்தகத்தை நிரப்பிவிட்டாள். கம்பி எந்த வேகத்தில் ஓட வேண்டும், முனை எப்போது அடைக்கும், எந்த மெஷின் மதியத்துக்கு மேல் சூடேறும் என்று ஒவ்வொரு வெல்டரிடமும் போய் நின்று கேட்டு எழுதினாள். வேலை முடிந்த பிறகும் அரை மணி இருந்து, வீணான இரும்பில் தானே வெல்டு வைத்துப் பார்த்தாள். முதல் வெல்டு கோழி கிளறிய குப்பை மாதிரி வந்தது. பத்தாவது நாள் மூத்த வெல்டர் அதைக் கையில் எடுத்துப் பார்த்து, “பரவாயில்ல, கோழி கொஞ்சம் நடை பழகியிருக்கு” என்றார். அடுத்த நாள் அவரே தன் லீவுச் சீட்டை எடுத்துக்கொண்டு அவளிடம் வந்தார்.

எட்டு மெஷினிலும் நின்று கேட்டவள் ஒன்பதாவது மெஷினில் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. அவரும் வலிய வந்து எதுவும் சொல்லவில்லை. புது வேலைப் பட்டியலில் ஆபரேட்டர்களுக்கு முதல் விதியே, ‘தன் மெஷினை விட்டு நகரக் கூடாது’ என்பதுதான். அவர் நகரவில்லை. வெல்டர்கள் போடும் முத்திரையில் அவருடைய பழைய நாலாம் நம்பரையே திரும்ப வாங்கிக்கொண்டார். செய்து முடிக்கும் ஒவ்வொரு சிலிண்டரின் கழுத்திலும் அதை ஒரே அடியில் பதித்தார்.

மாறிய இன்னொன்று சோதனை. முன்பெல்லாம் ஒவ்வொரு சிலிண்டரும் தொட்டிக்குள் போய் வரும். இப்போது பத்துக்கு ஒன்று. அந்த ஒன்று தேறினால் பத்தும் தேறியதாகக் கணக்கு. தொட்டியில் ஒரு புதுப் பெண் இருந்தாள். நல்ல கண் அவளுக்கு.

ஒரு வியாழக்கிழமை மதியம், லாரிக்காக வரிசையில் நின்ற நாற்பத்தாறு சிலிண்டர்களைக் கடந்து அவள் போனாள். எல்லாவற்றிலும் தேறியதற்கான பச்சைச் சீட்டு இருந்தது. போனவளின் கை சும்மா இருக்கவில்லை. வரிசை ஓரத்தில் இருந்த ஒன்றைத் தூக்கி, பச்சைச் சீட்டைக் கழற்றி, காற்றை ஏற்றித் தொட்டிக்குள் அமிழ்த்தினாள். பாதிச் சுற்று வருவதற்குள் குமிழி வந்தது.

பக்கத்தில் இருந்ததை எடுத்தாள். அதிலும் வந்தது, ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு. கழுத்தைத் துடைத்துப் பார்த்தாள். இரண்டிலும் நாலாம் நம்பர். வரிசையில் நின்ற நாற்பத்தாறும் நேற்று அவர் செய்த ஒரே தொகுதி.

சாக்பீஸை எடுத்து இரண்டு வட்டம் போட்டாள். “லாரியை நிறுத்தச் சொல்லு” என்று புதுப் பெண்ணை அனுப்பினாள்.

லாரி ஓட்டுநருக்குப் பதிலாக மேலாளர் வந்தார். பெரிய கம்பெனி அனுப்பியவர். கோபமே படமாட்டார்.

“வட்டம் யார் போட்டது?”

“நான்தான் சார்.”

“அது டெஸ்டர் வேலை. நீங்க இன்சார்ஜ்.”

“அப்ப டெஸ்டரையே போடச் சொல்றேன்.”

“டெஸ்டர் சாம்பிள்ல மட்டும்தான் போடலாம். சாம்பிள் எல்லாம் பாஸ். மொத்த லாட்டையும் நிறுத்தணும்னா என் கையெழுத்து வேணும்.”

“போடுங்க சார்.”

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். “மூணு மணிக்கு லாரி கிளம்பணும்மா. அந்த ரெண்டை ஓரமா வச்சிட்டு மீதியை ஏத்துங்க. எல்லாத்தையும் நிறுத்தறதுக்கு இது பழைய கம்பெனி இல்ல.”

அவர் போய்விட்டார். அவள் சட்டைப் பையில் இன்சார்ஜ் என்று எழுதிய அட்டை தொங்கியது. தொட்டியடியில் ஈரக் கையோடு நின்ற நாளில் முதலாளியையே திருப்பி அனுப்பியவள், இப்போது நாற்பத்து நாலு சிலிண்டர்களுக்கு முன்னால் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள். லாரியின் பின்கதவை யாரோ திறக்கிற சத்தம் கேட்டது.

அவள் ஒன்பதாவது மெஷினுக்குப் போனாள். அவர் மூடியைத் தூக்கினார். முகமெல்லாம் வியர்வை.

“உங்க சிலிண்டர்ல குமிழி வருது. ரெண்டு எடுத்தேன், ரெண்டுலயும் வருது. என்னாச்சு?” மூன்று வாரத்தில் அவரிடம் அவள் கேட்ட முதல் கேள்வி அது.

அவர் கையுறையைக் கழற்றினார்.

“கேஸ் பத்தலை. வெல்டு மேல கேஸ் மூடின மாதிரி ஓடணும். குறைஞ்சா காத்து உள்ள புகுந்துடும், கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழும். ஏழு மெஷினுக்குப் போட்ட பைப்பு இது. இப்ப ஒன்பது ஓடுது. கடைசி மெஷினுக்கு வர்றப்ப மூச்சு வாங்குது.”

“இது யாருக்கும் தெரியாதா?”

“காலையில ஒரு தடவை, மதியம் ஒரு தடவை மீட்டரைப் பார்த்துத் திறந்து விடணும். ஃபோர்மேன் வேலை அது. ஃபோர்மேனை எடுத்தாங்க, அந்த வேலையை யார் பட்டியல்லயும் எழுதலை.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

“நீ கேட்கலையே.” சொல்லிவிட்டு அவர் தலையை ஆட்டிக்கொண்டார். “அது இல்ல. அது பொய். நேத்து மதியமே எனக்குச் சத்தம் மாறுனது கேட்டுச்சு. வெல்டு சீறுற சத்தம் எனக்குத் தெரியாதா? ‘மெஷினை விட்டு நகராதேன்னு சொன்னாங்கல்ல, நான் யாரு சொல்றதுக்கு’ன்னு இருந்துட்டேன். வீம்பு. ஷிப்ட் முடியற வரைக்கும் ரெண்டு மணி நேரம் அப்படியே இருந்துட்டேன்.”

அவளும் தன் வீம்பைச் சொல்லியிருக்கலாம். அதற்கு நேரமில்லை. “ஏத்தப் போறாங்க. என்னால நிறுத்த முடியலை” என்றாள்.

அவர் லாரிப் பக்கம் பார்த்தார்.

“புது விதிப் புஸ்தகத்துல, வெல்டு வச்சவனே குறைன்னு எழுதிக் கொடுத்தா லாட் நிக்கும்னு இருக்கில்ல?”

இருந்தது. பதினாறாம் பக்கம். அவளுக்கு மனப்பாடம். அதைக் கேட்பதற்காக அவள் வரவில்லை.

“இருக்கு. ஆனா உங்க பேர்லதான் தப்புன்னு ஏறும்ங்க. எச்சரிக்கைன்னு மஞ்சச் சீட்டு விழும்.”

“விழட்டும். வெல்டு என்னுது” என்றார் அவர். “ஃபாரம் கொடுங்க மேடம்.”

முழங்காலில் வைத்தே எழுதினார். நாற்பத்தாறு சிலிண்டர்களின் எண்ணையும் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு, அதற்கும் பக்கத்தில் பெரிதாக நாலு என்று எழுதினார். தானே நடந்து போய் மேலாளர் மேஜையில் வைத்தார். வரிசை எண் அச்சடித்த தாள் அது. வந்ததை வராததாக ஆக்க மேலாளராலும் முடியாது. மூன்று மணிக்கு லாரி நாற்பத்தாறு சிலிண்டர் குறைவாகக் கிளம்பிப் போனது.

பிறகு அவள் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்தாள். அட்டையைக் கழற்றித் தொட்டி ஓரத்தில் வைத்தாள். ஒவ்வொன்றாக அமிழ்த்தினாள். புதுப் பெண் பக்கத்தில் நின்று காற்றை ஏற்றினாள். தூக்கித் தர மூத்த வெல்டர் வந்தார். ஷிப்ட் முடிந்த மணி அடித்தும் அவர் போகவில்லை. பெயின்டர் வந்தான். இன்னொரு தொழிற்சாலையிலிருந்து வந்திருந்த இருவரும் வந்தார்கள். “எங்க மெஷின் ரெண்டும் வந்ததாலதானே இதெல்லாம்” என்றான் அவர்களில் ஒருவன். “மெஷினுக்கு என்ன தெரியும், தூக்குப்பா” என்றார் மூத்த வெல்டர்.

எடுத்து வைத்த இரண்டையும் சேர்த்து ஒன்பது சிலிண்டர்களில் சிவப்பு வட்டம் விழுந்தது. ஒவ்வொரு வட்டத்துக்கும் அவர் எதிரில் நின்று குனிந்து பார்த்தார். ஒன்றில்கூட முகத்தைத் திருப்பவில்லை. கேஸைத் திறந்துவிட்டு, ஒன்பதிலும் பழைய வெல்டைத் தேய்த்து எடுத்து, மறுபடி வெல்டு வைத்துக் கொண்டுவந்து அவள் முன்னால் நிறுத்தினார். பதினெட்டு நொடி வீதம் ஒன்பது தடவை அவள் தண்ணீரைப் பார்த்தாள். ஒரு குமிழி வரவில்லை.

“எப்படிம்மா?” என்றார் மூத்த வெல்டர், தெரிந்துகொண்டே.

“கல்லு மாதிரி இருக்கு” என்றாள் அவள். பெயின்டர் விசிலடித்தான்.

அறிக்கைத் தாளில் காரணம் என்ற இடத்தில் நாலு கட்டங்கள் இருந்தன: இரும்பு, கம்பி, மெஷின், ஆபரேட்டர். கேஸுக்குக் கட்டம் இல்லை. அவள் நாலையும் விட்டுவிட்டு, தாளின் பின்பக்கத்தில் பைப்பைப் பற்றியும் மீட்டரைப் பற்றியும் பட்டியலில் விட்டுப்போன வேலையைப் பற்றியும் பேனாவால் ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

மேலாளர் அதைப் பொறுமையாகப் படித்தார். “நல்லா எழுதியிருக்கீங்க. ஆனா கம்ப்யூட்டர்ல பின்பக்கம் கிடையாதும்மா” என்றார். ஆபரேட்டர் என்ற கட்டத்தில் அவரே டிக் அடித்தார்.

அடுத்த வாரம், குறை வெளியே போகாமல் உள்ளேயே பிடிபட்டதற்காகத் தலைமை அலுவலகம் மேலாளருக்குப் பாராட்டுக் கடிதம் அனுப்பியது. அது பலகையில் ஒட்டப்பட்டது. அதற்குக் கீழேயே இன்னொரு தாள்: நாலாம் நம்பர் ஆபரேட்டருக்கு மூன்று நாள் அடிப்படை வெல்டிங் பயிற்சி.

அன்று வேலை விட்டு இருவரும் நடந்துதான் வீட்டுக்குப் போனார்கள். வழியில் அவள் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, “மீட்டர் முள்ளு எங்க நிக்கணும்?” என்று கேட்டாள். அவர் சொன்னார். அவள் நின்று எழுதிக்கொண்டாள். ஒரு கேள்வி பத்தாகி, வீடு வருவதற்குள் நாலு பக்கம் நிரம்பிவிட்டது.

“அந்த ஆபீசர் சொன்ன மாதிரியே ஆயிடுச்சு பாருங்க. ஒண்ணு வாங்கினா ஒண்ணு இலவசம்னு சொன்னாரு” என்றாள். இத்தனை நாளும் அவரிடம் சொல்லாமல் வைத்திருந்தது.

அவர் இரண்டு எட்டு நடந்துவிட்டுச் சொன்னார். “அவன் சம்பளத்துக்குக் கணக்குப் போட்டான். நீ சிலிண்டருக்குக் கேட்கறே. ரெண்டும் ஒண்ணா?”

திங்கட்கிழமை அவர் தேய்த்த வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டார். “கல்யாணத்துக்கா போறீங்க?” என்று மகள் கேட்டதற்கு, “படிக்கப் போறேன்மா” என்றார். புதுப் பேனா ஒன்றையும் மகளிடமே கேட்டு வாங்கிச் சட்டைப் பையில் செருகினார்.

அவள் காலையில் ஒன்பது மெஷினுக்கும் மீட்டர் பார்த்து, கேஸைத் திறந்துவிட்டு, வேலையைத் தொடங்கிவைத்தாள். பதினோரு மணிக்குப் பயிற்சி அறைக்குப் போனாள். மூன்று நாளும் வருகைப் பதிவேட்டில் ‘மேலதிகாரி’ என்ற இடத்தில் அவள் கையெழுத்திட வேண்டும்.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பார்த்தாள். பள்ளிப் பிள்ளைகள் உட்காரும் அளவில் எட்டு நாற்காலிகள். ஏழில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள். முதல் வரிசையில் அவர், முழங்கால் இடிக்க, முதுகை நேராக வைத்து உட்கார்ந்திருந்தார். பயிற்சியாளர் ஒரு வெல்டின் படத்தை வரைந்து, மேலே வளைந்த அம்புக்குறி போட்டு, ‘மூடும் வாயு’ என்று எழுதினார். எழுதிவிட்டு, “இது குறைஞ்சா என்ன ஆகும்? யாருக்காவது தெரியுமா?” என்று கேட்டார். கேட்டுவிட்டுப் பலகைப் பக்கமே திரும்பி, பதிலையும் தானே எழுதத் தொடங்கினார்.

பயிற்சியாளரின் முதுகுக்குப் பின்னால், தேய்த்த வெள்ளைச் சட்டையின் கை ஒன்று, நேராக, தோளுக்கு மேலே உயர்ந்து நின்றது.